ஒரு காசும் குறையவில்லை

என் கொழுந்தனைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நாணயச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகக் காசு சேர்க்க வருகிறவர்களுக்காகச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அவனையே கேட்டதற்கு, "எனக்கு என்னங்க தெரியும், அண்ணியைக் கேளுங்க" என்று நழுவிவிட்டான். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நடுவில் அழகு பண்ணக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சங்கத்தில் அவனுக்கு ஐயா போடுகிறார்கள். போடட்டும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்று என் பெட்டியை எட்டிப் பார்த்தவன். எனக்கு அவன், அவன்தான்.

வந்தவர்கள் சந்தோஷமான சேதியாகச் சொல்லுங்கள் என்றார்கள். என்னிடம் இருப்பது பயந்த சேதி. அவன் காசு பரப்பிய துணியை விட்டு எழுந்து போனதில் என் பேத்தி செத்துப்போகப் பார்த்த கதை. காசு சேர்க்கிறவர்களுக்கு அதைவிட உபயோகமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அதைத்தான் சொல்வேன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் விழுந்ததெல்லாம் அடியில் ஒரு குழியில் போய்ச் சேரும். சாவி, கொண்டை ஊசி, பேனா மூடி, ஒற்றைக் கம்மல், காசு. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாக இருட்டாகக் கிடக்கும் அந்தக் குழிக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவான். தலைக்கு மேலே அந்தப் பெட்டி அவ்வளவு கனமாகத் தொங்கும். ஒரு நாளும் பயந்ததில்லை. சாவி, நகை எது கிடைத்தாலும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவான். காசைக் கேட்டு மட்டும் யாரும் வர மாட்டார்கள்.

ஒரு ஆபீஸ் கட்டடத்துக் குழியில் நடுவில் ஓட்டை போட்ட வட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. வாஷர் என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். துவைக்கும்போது என் கையில் அகப்பட்டது.

"என்ன தம்பி, உன் லிஃப்டைக் கழட்டிக் கழட்டி வீட்டுக்கே கொண்டு வந்துடுவே போலிருக்கே" என்றேன்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஓட்டையைச் சுற்றி ஏதோ ஒரு நாட்டு எழுத்து. "அண்ணி, இது காசு" என்றான். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. கல்யாணப் பேச்சு எடுத்தால் காசுப் பெட்டியை எடுப்பான். என் வீட்டுக்காரர் இருந்தவரை, "இந்த வீட்டுல பெரிய நோட்டு நான், அவன் சில்லறை" என்பார். அதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவன் சில்லறை. என் பேத்திக்கு மட்டும் சின்னத் தாத்தா.

புதிதாக வருகிறவர்களிடம் அவன் சொல்வதைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கேட்டு எனக்கே மனப்பாடம். முதலில் எதுவும் விலைக்கு வாங்காதீர்கள், உங்கள் வீட்டு டப்பாவில் கிடப்பதைக் கொட்டிப் பாருங்கள் என்பான். காசை ஓரத்தில் பிடியுங்கள், முகத்தில் கட்டைவிரல் படக்கூடாது. மெத்தென்று, திறந்தால் வாடை அடிக்கிற பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுத்துப் போகும், காகித உறைதான் நல்லது. பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துத் தொலைக்காதீர்கள். தேய்ப்பதற்குத்தான் வீட்டில் பாத்திரம் இருக்கிறதே என்று நானும் சேர்ந்து சொல்வேன். எல்லாவற்றுக்கும் முன்னால் துணி. மேசைமேல் தடித்த துணி விரித்த பிறகுதான் காசு வெளியே வர வேண்டும், கை நழுவினாலும் அடிபடாது. அந்தத் துணி அவனுக்கு அப்படிப் பழகிவிட்டது. சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தாலும் எடுத்துத் துணிமேல்தான் வைப்பான். வட்டமாக எது கையில் வந்தாலும் அந்தக் கை தானாக அங்கே போகும்.

உள்ளங்கையில் அடங்குகிற எடை மிஷின் ஒன்று வைத்திருக்கிறான். கள்ளக் காசு எடையில் காட்டிக்கொடுத்துவிடுமாம். அதற்குப் பொத்தான் பேட்டரி. தட்டையாக, வட்டமாக, புதுக் காசு மாதிரியே மின்னும்.

பேத்திக்கு அப்போது மூன்று முடிந்திருந்தது. சின்னத் தாத்தா மடியில் உட்கார்ந்தால் ஒரே விளையாட்டு. காசைப் புரட்டிக் காட்டி, "தலையா, பூவா?" என்பான். முகம் இருந்தால் தலை. அந்தப் பக்கம் என்ன இருந்தாலும் பூ. கப்பல் போட்டிருந்தாலும் பூ, சிங்கம் நின்றாலும் பூ, வெறும் எண் இருந்தாலும் பூ. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எந்த வட்டத்தைப் பார்த்தாலும் புரட்டிப் பார்த்துப் பெயர் சொல்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகள் குழந்தையைக் கீழே கூட்டிப் போயிருந்தாள். வண்டி நிறுத்துகிற இடத்தில் சுவரோரமாக ஒரு அரளிச் செடி. குழந்தை ஒரு பூவைப் பறித்துக் கசக்கிவிட்டது. "அது விஷம், வாயில வச்சே, அவ்வளவுதான்" என்று அதட்டிக்கொண்டே மேலே கூட்டி வந்தாள். மூடிய கைக்குள் பூ நசுங்கிக் கிடந்தது. நான் விரலைப் பிரித்துக் கழுவிவிட்டேன். குழந்தை நேராகச் சின்னத் தாத்தாவிடம் ஓடியது.

அவன் மேசையில் துணி விரித்துக் காசுகளை வரிசையாக வைத்திருந்தான். எடை மிஷினில் எண் மங்கலாகத் தெரிகிறது என்று பேட்டரியை மாற்றினான். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. எங்கேயோ லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெரியவர். பால்கனியில் போய் நின்றுகொண்டு வாட்ச்மேனிடம், "கதவை நெம்பாதீங்க, முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, உள்ள இருக்கறவர்கிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது அடுப்படிவரை கேட்டது.

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை வந்து என் முழங்காலைத் தொட்டது. வாயோரமாக எச்சில் ஒழுகித் தாடை நனைந்திருந்தது.

"பாட்டி, பூ முழுங்கிட்டேன்."

கத்தி கையிலிருந்து விழுந்தது தெரியும். அதற்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்கவில்லை. மருமகள் ஓடி வந்தாள். எதிர் வீட்டுத் தையல்காரம்மாள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"எத்தனை பூ தின்னே? சொல்லுடி, எத்தனை?" என்று மருமகள் குழந்தையை உலுக்கினாள்.

குழந்தை ஒரு விரலைக் காட்டியது. காட்டிவிட்டு எச்சிலை விழுங்கப் பார்த்தது, முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

"நான்தான் கீழ கூட்டிட்டுப் போனேன். நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று மருமகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது.

"அழுதுக்கிட்டு நிக்காதே. உப்புத் தண்ணி குடு, குபுகுபுன்னு எல்லாம் வெளிய வந்துரும்" என்று தையல்காரம்மாள் தானே டம்ளரை எடுத்தாள். உப்பை அள்ளிப் போட்டு விரலாலேயே கலக்கினாள். நான் தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தி, தலையைப் பிடித்துக்கொண்டேன். அது பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியது. டம்ளர் உதட்டில் பட்டுவிட்டது.

அப்போதுதான் அவன் உள்ளே வந்தான். போன் இன்னும் காதில் இருந்தது.

"என்ன அண்ணி?"

"அரளிப் பூவைத் தின்னுட்டாடா. எட்டி நில்லு, வாந்தி எடுக்கட்டும்."

அவன் குனிந்து குழந்தையின் வாயைப் பார்த்தான். நாக்கில் இதழ் ஒட்டவில்லை, பல்லில் சாயம் இல்லை. முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"கண்ணு, எந்தப் பூ? செடியில இருந்துச்சே, அதுவா?"

இல்லை என்று தலையாட்டியது.

"பின்ன?"

"தலை இல்ல தாத்தா. பூ."

டம்ளரை அவன் தட்டிவிட்டதை நான் பார்க்கவில்லை. தண்ணீர் தையல்காரம்மாள் மேலெல்லாம் தெறித்த பிறகுதான் தெரிந்தது. "யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க. செடியுமில்ல கொடியுமில்ல, காசை முழுங்கியிருக்கா" என்றான்.

உண்மையைச் சொன்னால், எங்களுக்கு மூச்சு வந்தது. தையல்காரம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் சிரித்தாள். "காசா? அடப் போப்பா, உயிரே போயிருச்சு. எங்க பெரியவன் இதே வயசுல ஒண்ண முழுங்கினான். மறுநாள் தானா வந்துருச்சு. அவனை உண்டியல்னே கூப்பிடுவோம்."

எது என்று பார்க்கிறேன் என்று அவன் மேசைக்குப் போனான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். காசுகள் வரிசை கலையாமல் இருந்தன. எந்த வரிசையில் எது என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். விரலைக் காசு மேல் படாமல் வைத்துக்கொண்டே போனான். கடைசிவரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தான்.

"எல்லாம் இருக்கு" என்றான்.

"அப்ப நல்லதுதானே. முழுங்கலைன்னு ஆச்சு."

அவன் திரும்பினான். அந்த முகத்தை நான் அவன் அண்ணன் போன அன்றைக்குக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணி, எல்லாம் இருக்கு" என்றான் மறுபடியும். ஒரு காசு குறைந்திருந்தால் பிழைத்தோம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. பிறகு எடை மிஷினைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து, புதிதாகப் போட்ட பேட்டரியை எடுத்தான். அதைக் குழந்தை முன்னால் பிடித்தான். மேல் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கூட்டல் குறி. பார்த்தால் நாலு இதழ்ப் பூ மாதிரிதான் இருக்கிறது.

"இது மாதிரிப் பூவா கண்ணு?"

சின்னத் தாத்தா சரியாகக் கண்டுபிடித்துவிட்டார் என்று குழந்தைக்குச் சந்தோஷம். எச்சில் ஒழுக ஒழுகத் தலையாட்டியது.

மாற்றிய பழைய பேட்டரியைத் துணிமேல் வைத்திருக்கிறான். வட்டமாக இருந்ததால் கை வைத்துவிட்டது. புதிய பேட்டரிகளை, குழந்தை கைக்கு எட்டக்கூடாது என்று உறையில் படம் போட்டிருக்கிறது பாருங்கள் என்று அலமாரி உச்சியில் ஒளித்து வைக்கிறவன். பழையதைக் காசுக்குப் பக்கத்தில் வைத்தான்.

குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு படியில் இறங்க ஆரம்பித்தான். மருமகள் லிஃப்ட் பொத்தானை அழுத்தப் போனாள்.

"வேண்டாம். நடுவுல நின்னுரும்."

ஊர் முழுக்க ஏறி இறங்கி, லிஃப்ட் ஒன்றும் செய்யாது, தைரியமாக ஏறுங்கள் என்று ஜனங்களுக்குச் சொன்ன மனுஷன். அன்றைக்கு அதை நம்பவில்லை. அவனுடைய பயம் எவ்வளவு என்று அந்தப் படிகளில்தான் எனக்கு விளங்கியது. என் முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

தையல்காரம்மாளின் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறார். நல்ல வேளையாகக் கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏறினோம். குழந்தை சிணுங்கிக்கொண்டே தொண்டைக்குக் கீழே நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது.

"காலியான பேட்டரிதானே தம்பி" என்று கேட்டேன். அவன் ஆமாம், ஒன்றும் ஆகாது என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

"நம்ம மிஷினுக்குத்தான் அண்ணி காலி. எச்சில் பட்டா அது பாட்டுக்கு வேலை செய்யும். ஒட்டின இடத்துல சதையைப் பொசுக்கும்."

மருமகள் அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "சின்ன மாமா, நீங்க பேசாதீங்க" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். குழந்தையை அவன் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவன் கை வெறுமனே நீட்டினபடி கொஞ்ச நேரம் இருந்தது.

ஆஸ்பத்திரியில், பேட்டரி என்று சொன்னதும் வரிசையில் நிற்கவிடவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்னப் பெண்ணாக ஒரு டாக்டர். படத்தை வெளிச்சத்தில் வைத்து எங்களுக்கும் காட்டினாள். நெஞ்சுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வட்டம்.

"ஓரத்துல பாருங்க, வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம். காசுன்னா ஒரே வட்டமா இருக்கும். பேட்டரிதான், உணவுக்குழாய்ல சிக்கியிருக்கு. உடனே எடுக்கணும். வீட்ல ஏதாவது குடுத்தீங்களா? வாந்தி எடுக்க வச்சீங்களா?"

"இல்லை" என்றேன். உதட்டில் பட்ட டம்ளர் கண் முன்னால் நின்றது.

"நல்லது" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். மருமகள் ஒரு கோடியில், அவன் ஒரு கோடியில், நடுவில் நான். வெளியூரில் வேலையாக இருந்த என் மகன் போனில் அழுதான். நடுவில் அந்த வாட்ச்மேன் கொழுந்தனைக் கூப்பிட்டார். லிஃப்டில் மாட்டிய பெரியவரை வேறு யாரோ வந்து இறக்கிவிட்டார்களாம். "சரிங்க" என்று மட்டும் சொன்னான். உள்ளே ஏதாவது தட்டு கீழே விழுந்து சத்தம் வந்தால் மூன்று பேரும் எழுந்து நின்றோம். சத்தம் நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது.

டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். உள்ளே அது. ஓரமெல்லாம் கறுத்துத் தீய்ந்துபோயிருந்தது. ஒரு காலைப் பொழுதுக்குள் அப்படி.

"எடுத்தாச்சு. உள்ள புண்ணாயிருக்கு, ஆனா ஓட்டை விழல. இதோட முடிஞ்சுதுன்னு இப்பவே சொல்ல முடியாது. எடுத்த பிறகும் அந்தப் புண் உள்ளுக்குள்ள அரிக்கும். ரத்தம் வருதா, காய்ச்சல் வருதா, பார்த்துக்கிட்டே இருக்கணும். வாய் வழியா ஒண்ணும் கிடையாது."

மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் ஊற்றினார்கள். வாயாடிக் குழந்தை, குரல் கம்மி, கண்ணால் மட்டும் எங்களைத் தொடர்ந்துகொண்டு கிடந்தது. இருமினால் தலையணையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்போம். மருமகள் அவனிடம் பேசவே இல்லை. இதை எழுதச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நடந்ததுதானே, எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

அவன் வார்டுக்கு வெளியிலேயே கிடந்தான். குளிக்க ஒரு தரம் வீட்டுக்குப் போனபோது, சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு எல்லாப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறான். அவர்கள் வந்தபோது, மாற்றுத் துணி எடுக்க வந்திருந்த நான் வாசலிலேயே மறித்துவிட்டேன்.

"அண்ணி, வேண்டாம். இனிமே எனக்கு அதைப் பார்க்க முடியாது" என்றான்.

"காசு என்னடா பண்ணிச்சு? அதுஅது இருந்த இடத்துல இருந்துச்சு. இடம் மாறி இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அதை வச்சது உன் கை. கையைத் திருத்து, காசு கிடக்கட்டும்" என்றேன்.

பெட்டிகளை என் கட்டிலுக்குக் கீழே தள்ளிப் பூட்டினேன்.

எனவே புதிதாக வருகிறவர்களே, உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். துணிமேல் காசைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. எடை மிஷினின் மூடியைத் திருகாணி போட்டு முடுக்குங்கள், திருகாணி இல்லாத மிஷினை வாங்காதீர்கள். மாற்றிய பேட்டரியைக் கீழே வைக்காமல் கையோடு இரண்டு பக்கமும் ஒட்டு நாடா சுற்றி, குழந்தை கைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டு போங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருங்கள். அப்படியும் ஏதாவது வட்டமாக உள்ளே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், உப்புத் தண்ணீர், கை வைத்தியம், எதிர் வீட்டு யோசனை எதுவும் வேண்டாம். காசோ பேட்டரியோ, நீங்கள் முடிவு பண்ணாதீர்கள். ஓடுங்கள்.

டாக்டர் மறுபடியும் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஆறிக்கொண்டு வருகிறது, இன்றைக்குத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள் என்று சொன்ன நாள் வந்தது. மூக்கிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். மருமகள் டம்ளரைப் பிடித்தாள். குழந்தை ஒரு வாய் வாங்கியது. வாங்கியது அப்படியே நின்றுவிட்டது. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, விழுங்கப் பயந்துகொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

முழுங்கு என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த வார்த்தையே பயமாகிவிட்டது. கதவோரமாக நின்றவனை அது பார்த்தது. அவன் தலையசைத்தான். அவன் தொண்டைதான் முதலில் ஏறி இறங்கியது. பிறகு அதனுடையது. முகத்தைச் சுளித்தது, அழவில்லை. தண்ணீர் உள்ளே போய்விட்டது.

"சின்ன மாமா, அடுத்த வாய் நீங்க குடுங்க" என்றாள் மருமகள்.

அவன் வந்து டம்ளரை வாங்கினான். பாதி படுக்கையில் சிந்தியது, மீதியைக் குழந்தை வாங்கிக்கொண்டது.